மொட்டைத் தென்னைகள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு வட்டாரத்தில் பிறந்து இன்று அறுபதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு வாசனைகள் மறக்காது. ஒன்று, சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோலின் வாடை. இன்னொன்று, பட்டையின் வாசனை. ஆவாரம்பட்டை, கொன்றைப்பட்டை, வேலம்பட்டை எல்லாம் கட்டுக்கட்டாக மாட்டுவண்டியில் வந்து டேனரி வாசலில் இறங்கும். கடுக்காய் சாக்குமூட்டையில் வரும். பட்டையை இடித்துத் தொட்டியில் ஊறப்போட்டால் தண்ணீர் செம்பழுப்பாக மாறும். அந்தச் சாற்றில் தோல் வாரக்கணக்கில் கிடந்து பதமாகும். உலகச் சந்தையில் ‘ஈஸ்ட் இந்தியா தோல்’ என்று பெயர் வாங்கியது இப்படிப் பட்டைச்சாற்றில் பக்குவமான தோல்தான். சாறு இறங்கிய சக்கையை வெயிலில் காயவைத்து அடுப்பெரிக்க எடுத்துப் போவார்கள். எங்கள் தெருவில் பல வீடுகளில் சோறு வெந்தது அந்தச் சக்கையில்.

ஊரே பட்டையை நம்பிப் பிழைத்த அந்த நாளில், எங்கள் வீட்டுத் தோட்டத்திலும் பட்டையை நம்பி வாழ்ந்த ஒரு ஜோடி இருந்தது.

வீடு ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவில், பாலாற்றை ஒட்டி. பின்பக்கம் ஒரு கிணறு, அதைச் சுற்றித் தென்னைகள், வேலி ஓரம் ஒரு பெரிய புளியமரம், மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் முருங்கை, வேம்பு, பூவரசு. காலையில் ஆயா, எங்கள் பாட்டி, மாட்டைப் பிடித்துக் கட்டும் நேரத்துக்குப் புளியமரத்திலிருந்து தென்னைக்கு ஒரு மஞ்சள் வெளிச்சம் பாயும். நேர்கோட்டில் பறக்காது. நாலு தரம் சிறகடிக்கும், சிறகை மூடிக்கொண்டு கொஞ்சம் இறங்கும், மறுபடியும் சிறகடித்து ஏறும். மேலும் கீழுமாக அலைந்து வந்து மரத்தில் அறைந்தாற்போல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதற்கு முன்னால் ‘கீ-கீ-கீ-கீ’ என்று தெருமுனை வரை கேட்கிற ஒரு கூச்சல்.

பொன்முதுகு மரங்கொத்தி. சாணுக்குக் கொஞ்சம் கூட, இருபத்தாறு முதல் இருபத்தொன்பது சென்டிமீட்டர் நீளம். முதுகு தங்க மஞ்சள், தலையில் சிவப்புக் கொண்டை, முகத்தில் கருப்பு வெள்ளைக் கோடுகள். நம் நாட்டில் பொன்னிற முதுகுள்ள மரங்கொத்திகள் வேறு சிலவும் உண்டு. இதை அவற்றிலிருந்து பிரித்தறிய இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். தொண்டை கருப்பு, அதில் வெள்ளைக் கீற்றுகள் ஓடும். வால் தொடங்குவதற்கு மேலே, பிட்டமும் கருப்பு. இரண்டும் ஒன்றாகக் கருத்திருப்பது இது ஒன்றுக்குத்தான். ஆணா பெண்ணா என்பதை நெற்றி சொல்லிவிடும். ஆணுக்கு நெற்றியிலிருந்து கொண்டை நுனி வரை ஒரே சிவப்பு. பெண்ணுக்கு முன்நெற்றி கருப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். பின்கொண்டை மட்டும் சிவப்பு.

அது மரமேறும் விதத்தை நேரம் போவது தெரியாமல் பார்த்திருக்கிறேன். காலில் இரண்டு விரல் முன்னால், இரண்டு விரல் பின்னால். வால் சிறகுகள் ஈர்க்கைப்போல் விறைப்பானவை. அவற்றை மரத்தில் ஊன்றி உட்காரும். அடியில் வந்து இறங்கி, தண்டைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். நாம் பார்க்கிறோம் என்று தெரிந்தால் மறுபக்கம் நகர்ந்துவிடும். அங்கே போனால் இந்தப்பக்கம் வரும். சிறிது நேரம் அசையாமல் நின்றால் மரத்தின் ஓரத்திலிருந்து முதலில் அலகு, பிறகு ஒரு கண் எட்டிப்பார்க்கும்.

‘இப்படி முட்டுதே, அதுக்குத் தலை வலிக்காதா ஆயா?’ என்று கேட்போம். ‘அதும் பொழப்பு அது, நைனா. வலிச்சா பாக்க முடியுமா?’ என்பாள். மண்டைக்குள் அதிர்ச்சியைத் தாங்கும் பஞ்சு மாதிரி எலும்பு இருக்கிறது என்று பள்ளிக்கூடப் புத்தகம் முதல் பத்திரிகை வரை வெகுகாலம் எழுதினார்கள். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் படம்பிடித்து, 2022இல் வேறுவிதமாகச் சொன்னார்கள். மண்டை அதிர்ச்சியை உள்வாங்குவதே இல்லை. உள்வாங்கினால் கொத்தின் வேகமும் வீணாகிவிடும். அலகும் மண்டையும் ஒரே இறுக்கமான பொருளாகத்தான் மரத்தில் மோதுகின்றன. மூளை மிகச் சிறியது என்பதால் அதற்குக் கேடு வருவதில்லை. கொத்தித் திறந்த துளைக்குள் நுழைவது நாக்கு. அதைத் தாங்கும் எலும்பு மண்டைக்குப் பின்னால் வளைந்து தலைமேல் ஏறிச் செல்வதால், அலகைத் தாண்டி வெகுதூரம் நாக்கை நீட்ட முடிகிறது. எறும்பும் வண்டுப்புழுவும் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும்.

எங்கள் ஊரில் கொண்டலாத்தியையும் மரங்கொத்தி என்றுதான் சொல்வார்கள். இன்றும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். இரண்டுக்கும் தலையில் கொண்டை, இரண்டும் அலகால் குத்தும். ஆனால் கொண்டலாத்தி தரையில் நடந்து புல்லுக்கடியில் குத்துகிற பறவை. அலகு நீண்டு வளைந்திருக்கும். கொண்டையை விசிறியாக விரித்து மூடும். மரத்தில் செங்குத்தாகத் தொற்றி ஏற அதற்கு வராது. நிற்கும் இடத்தைப் பார்த்தாலே எது எதுவென்று தெரிந்துவிடும்.

வெயில் ஏறினால் முருங்கையின் பட்ட கிளையில் இன்னொரு தச்சுவேலை நடக்கும். செம்மார்புக் குக்குறுவான், பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, சிட்டுக்குருவியைவிடச் சற்றுத் தடித்தது. நண்பகல் முழுக்க, கன்னான் செம்புப் பானையைத் தட்டுவது மாதிரி ‘டொங், டொங்’ என்று ஒரே தாளத்தில் கூப்பிடும். இதுவும் மரத்தைக் குடைந்துதான் கூடு வைக்கும். ஆனால் மரங்கொத்தி இனம் இல்லை; ஆல், அத்திப் பழம் தின்னுகிற பறவை. அதன் அலகுக்குப் பச்சை மரத்தைத் துளைக்கும் பலம் கிடையாது. உளுத்த மரம்தான் வேண்டும்.

ஏரிப்பக்கம் போனால் வேலமரங்களில் வேறொரு மரங்கொத்தி. மஞ்சள் நெற்றி மரங்கொத்தி. மராட்டா மரங்கொத்தி என்றும் சொல்வார்கள். பொன்முதுகில் முக்கால் பங்குகூட இருக்காது. பழுப்புக் கருப்பு முதுகில் வெள்ளைப் புள்ளிகள், நெற்றி மங்கிய மஞ்சள், ஆணுக்குப் பின்னந்தலையில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. அடிவயிற்றில் ஒரு சிவப்புத் தீற்று உண்டு; மரத்தோடு ஒட்டி உட்காருவதால் அது எளிதில் கண்ணில் படாது. வறண்ட முள்காட்டுப் பறவை அது. வேலமரம் இருந்த வரைக்கும் எங்கள் ஏரியில் இருந்தது.

இந்தப் பெயர்களை எல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதற்கு மா. கிருஷ்ணனுக்கு நன்றி சொல்ல வேண்டும். காட்டுயிர் பற்றி ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற அவர் தமிழிலும் பறவைகளைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டுரைகள் பெருமாள்முருகன் தொகுப்பில், ‘பறவைகளும் வேடந்தாங்கலும்’ என்ற புத்தகமாக வந்திருக்கின்றன. சின்ன வயதில் நம்மோடு ஒரே தோட்டத்தில் இருந்தவர்களை, வளர்ந்தபின் புத்தகத்தில் சந்திக்கும்போது ஒரு சந்தோஷம் வருகிறது. அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்களா என்று உடனே ஒரு கவலையும் வருகிறது.

கிணற்றுக்கு வடக்கே ஒரு மொட்டைத் தென்னை நின்றது. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்து, பின்னாலேயே சிவப்புக் கூன்வண்டு இறங்கி, மட்டையெல்லாம் விழுந்து தண்டு மட்டும் மிஞ்சியிருந்தது. எங்கள் நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், அதை வெட்ட ஆள் பேசியபோது ஆயா தடுத்தாள். ‘அது யாருக்கு இன்னா பண்ணுது? நின்னா நிக்கட்டும். கிளி வந்து தங்கும்.’ அந்த ஒரு சொல்லில் அந்த மரம் எத்தனையோ வருஷம் நின்றது.

மாசி பிறந்தால் அதில் கொத்து விழத் தொடங்கும். இரை தேடும் கொத்துக்கும் வீடு கட்டும் கொத்துக்கும் ஓசையிலேயே வித்தியாசம் உண்டு. இரைக்குக் கொத்தும்போது இங்கே இரண்டு, அங்கே மூன்று என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். வீடு என்றால் ஒரே இடம். நிறுத்தி நிதானமாக, ஆணும் பெண்ணும் மாறி மாறி. மரத்தடியில் தென்னஞ்சிராய் சிவப்பாகக் குவியும். கைப்பிடி நுழைகிற அளவுக்கு வட்டமான வாசல். உள்ளே கொஞ்ச தூரம் போய்க் கீழே இறங்கும். மெத்தை கிடையாது, வைக்கோல் கிடையாது. விழுந்த தூளின்மேலேயே முட்டை. பெரும்பாலும் மூன்று, பளபளக்கும் வெள்ளை. பொந்துக்குள் முட்டையிடும் பறவைக்கு நிறம் எதற்கு? பதினோரு நாள் போல அடைகாத்ததும் குஞ்சு பொரிக்கும். இருபது நாளில் குஞ்சுகள் வெளியே வந்துவிடும்.

குஞ்சுகள் போனபின் அந்த வீடு காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. மைனா வரும். பச்சைக்கிளி வரும், சில வருஷம் மரங்கொத்தி குடைந்துகொண்டிருக்கும்போதே கிளி வந்து சண்டை போட்டு வாசலைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வருஷம் புள்ளி ஆந்தைகள் குடிவந்தன. ஆந்தை வீட்டுக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டு அத்தை புலம்பினாள். ஆயா, ‘எலி புடிக்கிறவன், இருக்கட்டும்’ என்று முடித்துவிட்டாள். குடையத் தெரியாத இத்தனை உயிருக்கும் கூரை போட்டுக் கொடுப்பது அந்த ஒரு பறவை. மரங்கொத்தி இல்லாத ஊரில் மைனாவும் கிளியும் ஆந்தையும் பனங்காடையும் வீட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.

தென்னைக்காரர்கள் சிலருக்கு மரங்கொத்தி மேல் கோபம் இருந்தது. தண்டைக் குடைந்து மரத்தைக் கொன்றுவிடுகிறது என்பார்கள். கவட்டை வைத்து அடித்தவர்களும் உண்டு. கொத்து விழும் தண்டைத் தட்டிப்பார்த்தால் பெரும்பாலும் உள்ளே ஏற்கெனவே புழு இருக்கும். ஆயாவுக்கு அது தெரிந்திருந்தது. ‘கொத்தி அதிகமா வந்துச்சின்னா தோப்பு நோவுல இருக்குதுன்னு அர்த்தம்’ என்பாள். அவள் சொன்னதன் முழு அர்த்தத்தை ஊர் சில வருஷம் கழித்துப் பார்த்தது.

எழுபதுகளில் கச்சாத் தோலையும் அரைப்பதமான தோலையும் ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடு வந்தது. முழுதாகப் பதனிட்ட தோலாகவும் செருப்பு, ஷூவாகவும் அனுப்பச் சொன்னார்கள். தொழில் பெருத்தது, வேலை பெருத்தது. பட்டையில் வாரக்கணக்காக ஊறியது குரோமிய உப்பில் சில நாளில் முடிந்தது. பட்டைவண்டிகள் வருவது குறைந்தது. டிரம்முகள் சுழல ஆரம்பித்தன. தோல் வெளிர்நீலத்தில் வெளியே வந்தது. அந்த வேலையில்தான் எங்கள் மாமா குடும்பம் நிமிர்ந்தது. அக்காமார்கள் ஷூ கம்பெனிக்குப் போய்த் தங்கள் கல்யாணத்துக்குத் தாங்களே நகை சேர்த்தார்கள். இதை மறந்து எழுதினால் ஊருக்குத் துரோகம். ஆனால் கழிவுநீர் வாய்க்காலிலும் ஏரியிலும் பாலாற்று மணலிலும் இறங்கியது. அதை எழுதாவிட்டால் ஆற்றுக்குத் துரோகம்.

முதலில் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாமல் போனது. பிறகு வாயில் வைத்தால் உப்புக் கரித்தது. நெல் போனது. தென்னை கொஞ்சம் தாக்குப்பிடித்தது. பிறகு குரும்பை உதிர்ந்தது, காய் சிறுத்தது, மட்டை தொங்கியது, தலை விழுந்தது. ஒன்று, இரண்டு என்று இருந்த மொட்டைத் தென்னைகள் வரிசை வரிசையாக நின்றன. அந்த வருஷங்களில்தான் எங்கள் பக்கத்தில் மரங்கொத்திகள் நிறைந்திருந்தன. எந்தத் தோப்புக்குள் போனாலும் கொத்து ஓசை. ஒரே தோப்பில் பல பொந்து. சாகிற மரத்தில் வண்டு பெருகும். வண்டு பெருகினால் மரங்கொத்தி பெருகும். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பார்த்திருந்தால் எவ்வளவு செழிப்பான இடம் என்று சொல்லியிருப்பார். ஆயா திண்ணையில் உட்கார்ந்து அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் வெற்றிலை மடித்தாள்.

1991இல் வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. சட்டக் கல்லூரியில் படிக்கிறவர்கள் இந்தியா முழுக்க இன்றும் அதைப் படிக்கிறார்கள். தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் அரைகுறையாகவோ முழுதாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஹெக்டேர் தெரிவதில்லை. தலையில்லாத தென்னைகள்தான் தெரிகின்றன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, இழப்பீடும் வந்தது. ஆனாலும் கதை முடியவில்லை. 2025 ஜனவரியில் இதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

அதற்குள் விளையாத நிலம் கைமாறியது. மனையாக விற்க வேண்டுமானால் இடம் சுத்தமாக இருக்க வேண்டும். பொக்லைன் வந்து மொட்டைத் தென்னைகளை வேரோடு சாய்த்தது. தண்டுகள் துண்டுதுண்டாகச் செங்கல் சூளைக்குப் போயின. நாற்கரச் சாலை வந்தபோது சென்னை–பெங்களூர் ரோட்டின் இருபுறமும் நின்ற பழைய புளியமரங்கள் போயின. ஏரியில் வேலமரம் போய்ச் சீமைக்கருவேலம் புதராக மண்டியது. எங்கள் வீடும் பங்கு பிரிந்தது. கிணறு இருந்த இடத்தில் இப்போது சிமெண்டுத் தளம். ஆயா போய், நைனா போய், அவர்கள் பின்னாலேயே அந்த மரமும் போனது.

உயிருள்ள மரங்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. புதிதாக நடவும் செய்கிறார்கள். சுத்தமாகப் போய்விட்டது பட்ட மரம்தான். செத்த மரத்தை நிற்கவிடுகிற மனம் போய்விட்டது. பழைய வீடுகளில் ஒரு மூலை எப்போதும் கணக்கில் வராமல் கிடக்கும். உளுத்த முருங்கை, சாய்ந்த வேலிக்கால், தலை போன தென்னை. அதெல்லாம் யாருடைய பார்வைக்கும் அசிங்கமாகப் படவில்லை. இன்றைக்குக் காய்ந்த கிளை ஒன்று தெரிந்தால், வீட்டைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். பட்டை கொண்டு வாழ்ந்த ஊருக்கு மரத்தின் ஒவ்வொரு பருவமும் தெரிந்திருந்தது. உரித்த பட்டையின் சக்கைக்குக்கூட அங்கே ஒரு உபயோகம் இருந்தது.

மரங்கொத்தி நம்மை விட்டு ஓடிவிடவில்லை. பொன்முதுகு அதன் இனத்திலேயே மனிதரோடு ஒத்துப்போகிற பறவை. நகரத்துக்குள்ளும் வாழ்கிற மரங்கொத்திகளில் ஒன்று. வேலூரில் பாகாயம் பக்கம் பெரிய மரங்கள் நிற்கும் வளாகங்களில் அந்தக் கூச்சலைக் கேட்டிருக்கிறேன். 2021 நவம்பரில் பாலாற்றில் கரைபுரண்டு வெள்ளம் வந்தது, அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கிணறுகள் சிலவற்றில் தண்ணீர் ஏறியது, தென்னம்பிள்ளை வைத்திருக்கிறார்கள். போன மாசிக்குப் போனபோது, அத்தை மகன் வீட்டு முருங்கையில் ஒரு பட்ட கிளை நின்றது. ‘மாமா, இதை நாளைக்கு இறக்கிடலாம்னு இருக்கேன்’ என்றான். கிளையில் பொந்து ஒன்று புதிதாக, வட்டமாக இருந்தது. அடியில் தூள் சிதறியிருந்தது. குக்குறுவான். காட்டினேன். கிளை நின்றது.

நம் பக்கத்தில் வீடும் கொஞ்சம் மண்ணும் உள்ளவர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். மரம் பட்டுப்போனால் உடனே கோடாலி எடுக்காதீர்கள். கூரைமேலோ கரண்ட் கம்பிமேலோ சாயும் என்றால் அந்த அளவுக்கு மட்டும் கழித்துவிட்டு, அடிமரத்தைப் பத்துப் பன்னிரண்டு அடிக்காவது நிறுத்திவையுங்கள். தை முதல் ஆடி வரை எந்தப் பட்ட மரத்திலும் கைவைக்க வேண்டாம். அதற்குப் பிறகு வெட்டினாலும் பொந்து இருக்கிறதா, அதில் போக்குவரத்து இருக்கிறதா என்று ஒரு காலை நேரம் பார்த்துவிட்டு வெட்டுங்கள். நல்ல தென்னையில் ஒரே இடத்தில் கொத்து விழுந்தால் பறவையை விரட்டாதீர்கள். ஏறிப்போய் வண்டு இருக்கிறதா பாருங்கள். எறும்புக்கும் கரையானுக்கும் எடுத்ததற்கெல்லாம் மருந்தடிப்பதைக் குறையுங்கள். அது இன்னொருவர் சாப்பாடு.

ஆற்றையும் நிலத்தையும் சீராக்க வேண்டியது அரசும் நீதிமன்றமும் தொழில் நடத்துகிறவர்களும். அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஒரு மொட்டைத் தென்னையை நிற்கவிட யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை.